என் பெயரில் ஓடிய ஆறு வருடம்

கௌரவ விரிவுரையாளர்கள் சேர்ந்து மலர் ஒன்று போடுகிறோம் என்று இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர்கள் இருக்கிற மெஷின் ரூம் கதைகளை நான் நன்றாகச் சொல்வேன் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சொல்வேன்தான். எங்கள் ஏசி மெக்கானிக் முதல் தடவை அந்த அறைக்குள் வந்து, நடுங்கிக்கொண்டே, “இத்தன குளுருக்குள்ள யாருங்க படுத்திருக்காங்க, கலெக்டரா?” என்று கேட்டதை இன்றைக்குச் சொன்னாலும் சிரிப்பார்கள். ஆனால் அவர்கள் வந்த அதே வாரத்தில் எங்கள் பல்கலைக்கழகம் ஒரு விளம்பரம் போட்டிருந்தது. உதவிப் பேராசிரியர், இயற்பியல் துறை, கணினிவழிப் பொருளறிவியல், பணியிடம் ஒன்று. எழுதினால் அந்த ஒரு பணியிடத்தைப் பற்றித்தான் எழுதுவேன், சிரிப்பு வராது, பரவாயில்லையா என்று கேட்டேன். “நீங்க எழுதுங்க சார், நாங்க போட்டுக்கறோமுங்க” என்றார்கள். இந்த மலர் கைக்கு வரும்போது நேர்காணல் முடிந்திருக்கும். அதனால் எழுதுகிறேன். ஒருவருடைய பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் பேராசிரியர் இல்லை. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படித்துவிட்டு, கிணத்துக்கடவில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தவன். பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்ப உதவியாளர் வேலை கிடைத்தது. துறைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, “கரண்டுல ஓடறதுதானுங்களே, உங்களுக்கு வராதுங்களா?” என்று என் தலையில் கட்டினார்கள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு இங்கிலீஷ் கையேடுகளைப் படித்தேன். புரியாததை நோட்டில் குறித்துவைத்து, டீ குடிக்க வருகிற ஆராய்ச்சி மாணவர்களைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். பத்து வருடம் இப்படியே போனது. அதன்பிறகு அவர்கள் என்னை நிறுத்திக் கேட்க ஆரம்பித்தார்கள்.

பிறகு க்ளஸ்டர் வந்தது. நாற்பது கம்ப்யூட்டர்களை இரும்பு அலமாரிகளில் அடுக்கி, எல்லாம் ஒட்டுக்காக ஒரே கணக்கைப் போடுவதுபோலச் செய்த ஏற்பாடு அது. பொருளறிவியலுக்காக வாங்கியது. ஓர் உலோகத்தை உருக்காமல், தேய்க்காமல், அதன் அணுக்கள் எங்கே நிற்கும், எதைப் பிடித்துக்கொள்ளும், எப்போது விட்டுவிடும் என்று கணக்குப் போட்டே சொல்லுகிற படிப்பு. ஒரு கணக்கு நாலு நாளில் முடியும், மூன்று வாரமும் இழுக்கும். அதற்குள் கரண்டு போகக்கூடாது, ஏசி நிற்கக்கூடாது. அதுதான் என் வேலை. “ஊட்ல புள்ளைக்குக் காய்ச்சல்னாக்கூட இப்படி எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்க மாட்டீங்க” என்பாள் என் மனைவி.

எங்கள் துறைத்தலைவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கூட்டிப் பெருக்க வருகிற அம்மாவையும் வாங்க, போங்க என்றுதான் பேசுவார். “செய்யுங்க” என்று சொல்ல மாட்டார். “செஞ்சா நல்லாருக்குமுங்க” என்பார். முடியாது என்பதற்கு “பாக்கலாமுங்க”. கோப்பில் தன் கையால் எதையும் எழுத மாட்டார். சின்ன மஞ்சள் ஒட்டுச்சீட்டில் பென்சிலால் ஒரு வரி எழுதி ஒட்டி அனுப்புவார். அதில் உள்ளபடி நாம் பேனாவில் எழுதி, கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். கோப்பு அவர் மேசையைத் தாண்டி வெளியே போகும்போது சீட்டு மட்டும் இருக்காது. பத்து வருடக் கோப்புகளைப் புரட்டினாலும் அவர் எடுத்த முடிவு ஒன்றுகூடக் கிடைக்காது. எல்லாம் நாங்கள் எடுத்தவை. துறைக்கு டீ கொண்டுவருகிற உதவியாளர் ரங்கசாமி சொல்வார், “சாரு ஈரத்தரையில நடந்தாலும் தடம் உழுகாதுங்க.”

ஸ்டெல்லா என்று இங்கே வைத்துக்கொள்கிறேன். தாராபுரத்துக்காரப் பெண். அப்பா பண்ணையத்தில் கூலி வேலை பார்த்தவர். வேறு ஊரில் இந்தப் படிப்பிலேயே முனைவர் பட்டம் வாங்கிவிட்டு எங்கள் துறைக்குக் கௌரவ விரிவுரையாளராக வந்து சேர்ந்தாள். சேர்ந்த அன்று துறைத்தலைவர் கேட்ட முதல் கேள்வி, “தாராபுரத்துல எந்தப் பக்கமுங்க?” இந்தக் கேள்வி எதற்குக் கேட்கப்படுகிறது என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரிந்தது. “ஆத்துக்கு அந்தப் பக்கமுங்க சார்” என்றாள். வாரத்துக்கு இத்தனை என்று எழுதியிருந்ததைவிட இரண்டு வகுப்பு கூடுதலாக எடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் மெஷின் ரூமுக்கு வந்துவிடுவாள்.

“என்ன கண்ணு, என்னத்தக் கண்டுபிடிக்கற?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“எங்கூரு போர்த்தண்ணி எந்தப் பம்பையும் மூணு வருசத்துல தின்னுபோடுதுங்ணா. கோயமுத்தூர்ல பம்பு செய்யறாங்க, எங்கூர்ல அதைத் தூக்கிப் போடறாங்க. உப்பு எந்த எடத்துல மொதல்ல கடிக்குதுன்னு பாக்கறேன்.”

“பாத்து?”

“பாத்துட்டா, கடிக்க முடியாத மாதிரி ஒரு கலவை சொல்லலாமுங்ணா.”

அதைப் பார்க்க க்ளஸ்டர் வேண்டும். க்ளஸ்டரில் நுழைய சொந்தப் பெயரில் அக்கவுண்ட் வேண்டும். விதிப்படி அது நிரந்தர ஆசிரியருக்கும், ஊழியருக்கும், பதிவு செய்த ஆராய்ச்சி மாணவருக்கும் மட்டும்தான். கௌரவ விரிவுரையாளர் இந்த மூன்றிலும் வரமாட்டார். அவள் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தைத் துறைத்தலைவருக்கு அனுப்பினேன். திரும்பி வந்தது. மேலே மஞ்சள் சீட்டு: “விதியில் இடமில்லை. உங்கள் அக்கவுண்டில் பார்த்துச் செய்து கொடுக்கலாமே.” நானும் பார்த்துச் செய்து கொடுத்தேன். என் பெயர், என் கடவுச்சொல், அவள் வேலை. விண்ணப்பத்தில் “விதிப்படி இயலாது” என்று என் கையால் எழுதிக் கோப்பில் வைத்தேன். சீட்டு வழக்கம்போல அவரிடமே போய்விட்டது. அதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. இவ்வளவு மரியாதையாகப் பேசுகிற மனிதருக்கு எதிராக யாருக்குத்தான் ஆதாரம் சேர்க்கத் தோன்றும்?

ஆறு வருடம் அப்படி ஓடியது. அவள் வேலை செய்கிற விதம் எனக்குப் பிடிக்கும். கணக்கை ஓடவிடுவதற்கு முன்னால் என்ன விடை வரும் என்று என்னிடம் சொல்லிவிடுவாள். பத்து நாள் கழித்து விடை வந்ததும் இருவரும் பார்ப்போம். தப்பாகப் போனால் அவள் முகம் மலர்ந்துவிடும். “தப்பாப் போனாத்தானுங்ணா சொகம். சரியா வந்துச்சுன்னா அது எனக்கு முன்னயே தெரிஞ்சதுதானே” என்பாள். ஒரு தடவை யுபிஎஸ் பேட்டரியை மாற்றச் சொல்லி எழுத நான் மறந்துபோய், பத்தொன்பதாம் நாள் ஓடிக்கொண்டிருந்த அவள் கணக்கு கரண்டு போய் அணைந்துவிட்டது. அவள் திரையைப் பார்த்துவிட்டு, “பதினேழாவது நாள் வரைக்கும் சேத்து வெச்சிருக்கறனுங்ணா, ரெண்டு நாள்தான் போச்சு. டீ வாங்கித் தாங்க, தண்டனை” என்றாள். கட்டுரைகள் வந்தன. அவள் பெயர் முதலில், துறைத்தலைவர் பெயர் கடைசியில். அது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்.

வருடா வருடம் யார் எவ்வளவு நேரம் க்ளஸ்டரைப் பயன்படுத்தினார்கள் என்று ஓர் அறிக்கை எடுத்துக் கொடுப்பேன். ஆறு வருடமும் முதல் இடத்தில் என் பெயர். “நம்ம துறையில பெரிய விஞ்ஞானி நீங்கதானுங்க” என்று துறைத்தலைவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன். உண்மையைச் சொன்னால், காயில் கட்டிய கைக்கு அந்த முதல் இடம் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

ஏழாம் வருடம் அந்தப் பணியிடம் முதன்முதலாக விளம்பரமானது. ஸ்டெல்லாவின் பாடம், ஸ்டெல்லாவின் ஊர்ப்பக்கம், ஸ்டெல்லா ஓட்டிய அதே க்ளஸ்டர். துறையில் எல்லோரும் அவளுக்கு அப்போதே வாழ்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். விண்ணப்பப் படிவத்தில் ஒரு பத்தி இருந்தது: பெரிய கணினிகளில் வேலை செய்த அனுபவம், எத்தனை மணி நேரம், எங்கே. அதற்குச் சான்றிதழை அந்தந்தக் கணினிக்கூடப் பொறுப்பாளர் உறையில் போட்டு ஒட்டி நேராகப் பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். கீழே சின்ன எழுத்தில், தவறான தகவல் தந்தால் விண்ணப்பம் தள்ளுபடி என்று இருந்தது.

பொறுப்பாளர் நான்தான்.

பிளாஸ்டிக் உறையில் படிவத்தைப் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். “அண்ணா, எல்லாம் முடிஞ்சுதுங்க. உங்க ஒரு கையெழுத்துத்தான் பாக்கி” என்றாள். மணி நேரத்தை எழுதியிருந்தாள். என் பெயரில் அறிக்கையில் வந்த மணி நேரத்தில், நான் சோதனைக்காக ஓட்டிய கொஞ்சத்தைக்கூடச் சரியாகக் கழித்துவிட்டு எழுதியிருந்தாள். “சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பிடறன் கண்ணு” என்றேன்.

துறைத்தலைவர் “உக்காருங்க” என்றார். அவர் அறையில் நான் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை.

“சார், ஸ்டெல்லா மேடம் சர்டிபிகேட் கேக்கறாங்க. அவுங்க பேர்ல ரெக்கார்டு இல்லீங்க. எல்லாம் என் பேர்லதான் ஓடியிருக்குது. உங்களுக்கே தெரியுமுங்களே.”

“எனக்குங்களா?” அவர் சிரித்தார். “மெஷின் ரூம்ல எனக்கென்னங்க தெரியும். அது உங்க ராஜ்ஜியமுங்க.”

“நீங்க சீட்டு எழுதிக் குடுத்தீங்க சார்.”

“இருக்குதுங்களா?”

இல்லையென்று தலையசைத்தேன். அவர் மேசைமேல் இருந்த காகிதங்களை நேராக அடுக்கினார்.

“நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேனுங்க. உங்க மனசுக்கு எது சரின்னு படுதோ அதை எழுதுங்க. ரெக்கார்டுல இருக்கறதை எழுதுனா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க, அவ்வளவுதான். உங்களுக்கு இன்னும் எத்தன மாசமுங்க?”

“எட்டு மாசமுங்க சார்.”

“பாஸ்வேர்டை இன்னொருத்தருக்குக் குடுத்தா சஸ்பென்ஷன்னு சர்க்குலர் வந்துச்சுங்களே, பாத்தீங்களா? ரிட்டயர்டு ஆகற நேரத்துல அதெல்லாம் வந்து நின்னா நெம்பச் சங்கடமுங்க. மாலையும் மரியாதையுமாப் போகோணுமுங்க நீங்க.” மணியை அடித்தார். “டீ சாப்பிடறீங்களா?”

குடித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த டீயை மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

அவருக்கு வேண்டிய ஆள் யாராவது பட்டியலில் இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. இருந்ததாகத் தோன்றவில்லை. ஸ்டெல்லாவின் மேல் கோபமும் இல்லை. ஆனால் அவள் உள்ளே வந்துவிட்டால் ஆறு வருடம் எப்படி நடந்தது என்று என்றைக்காவது ஒருநாள் யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வி பிறக்காமல் இருப்பது அவருக்கு நல்லது. எனக்கும் நல்லது. ஒரு பெண்ணின் வாழ்க்கையை நிறுத்த அதற்குமேல் பெரிய காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

மெஷின் ரூமுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, எழுதினேன். “பதிவேட்டின்படி விண்ணப்பதாரர் பெயரில் பயன்பாடு ஏதும் இல்லை.” தேதி, கையெழுத்து, முத்திரை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. மறுநாள் அவள் கேட்டபோது, “அனுப்பிட்டன் கண்ணு” என்றேன். அதுவும் உண்மை. “நெம்ப நன்றிங்ணா” என்றாள்.

நேர்காணல் அறைக்குள் டீ கொண்டுபோனவர் ரங்கசாமி. நடந்ததை அவர்தான் எனக்குச் சொன்னார். வெளியூரிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் படிவத்தையும் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீங்கள் இத்தனை மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள், உங்கள் பொறுப்பாளர் ஒன்றுமில்லை என்கிறார், இதில் எது பொய் என்று கேட்டாராம்.

“அந்தப் புள்ள ‘அதுக்கு எங்கிட்டச் சான்று இல்லீங்க சார்’னு மட்டும் சொல்லுச்சு. உங்க பேரைச் சொல்லவே இல்லீங்க.” ரங்கசாமி தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார். பிறகு, “சொல்லியிருக்கலாமுங்க. சொல்லியிருந்தா உங்களுக்குக் கஷ்டம்னு உட்டுப்போட்டுது” என்றார். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசியது அன்றுதான்.

வெளியூர்க்காரர் ஒருவர் தேர்வானார். நல்ல படிப்பாளி, அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஊர் ஒட்டவில்லை. வேறு இடம் கிடைத்ததும் போய்விட்டார். அதனால்தான் இப்போது மறுபடி விளம்பரம். ஸ்டெல்லா அந்தப் பருவம் முடியும்வரை வகுப்பு எடுத்தாள். வழியில் பார்த்தால், “வணக்கமுங்ணா” என்பாள், எப்போதும் சொல்கிற மாதிரியே. மெஷின் ரூமுக்கு மட்டும் வரவில்லை. அடுத்த வருடம் அவளுக்குப் பணி நீட்டிப்பு வரவில்லை. மேட்டுப்பாளையத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுப்பதாகக் கேள்விப்பட்டேன்.

என் பணிநிறைவு விழாவில் துறைத்தலைவர் பேசினார். “ரெக்கார்டுல இருக்கறதைத் தவிர ஒரு வார்த்தை கூடக்கொறைய எழுத மாட்டாருங்க. இந்தக் காலத்துல அப்படி ஒரு மனுசன்” என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். சொன்னபடியே மாலை, மரியாதை எல்லாம் இருந்தது. மாலை கழுத்தில் கனத்தது என்று எழுதலாம்; கனக்கவில்லை. சாதாரண சம்பங்கி மாலைதான்.

ஓய்வூதியக் காகிதங்கள் நகர வேண்டுமானால் ஒவ்வொரு பிரிவிலும் பாக்கி ஏதுமில்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். நூலகம், பண்டகம், ஆய்வகம், கடைசியில் கணினிக்கூடம். அந்த வரியில், “அக்கவுண்ட் மூடப்பட்டு, கோப்புகள் நீக்கப்பட்டன” என்று அச்சிட்டிருக்கும். கையெழுத்துப் போட வேண்டியவன் நான். என் அக்கவுண்டில் எனக்கென்று இருந்தது நாலைந்து கோப்புகள்தான். மற்றதெல்லாம் அவளுடைய ஆறு வருடம். அவளைக் கூப்பிட்டு, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். கூப்பிட்டால் அதை மட்டும் பேசி வைக்க முடியாது. வேண்டியதை எப்போதோ எடுத்து வைத்திருப்பாள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு, ஒரே வரிக் கட்டளையைத் தட்டினேன். மெஷின் உறுதியா என்றுகூடக் கேட்கவில்லை. சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். முக்கால் மணி நேரம் அழித்துக்கொண்டே இருந்தது. முடிந்ததும் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

இதைப் படிக்கிற கௌரவ விரிவுரையாளர்களுக்கு ஒன்று சொல்கிறேன். யார் எவ்வளவு பிரியமாகச் சொன்னாலும் இன்னொருவர் பெயரில் வேலை செய்யாதீர்கள். பொறுப்பாளர் உங்களைக் கண்ணு என்று கூப்பிடுகிறாரா என்று பார்க்காதீர்கள். அக்கவுண்ட் இல்லையென்றால், இல்லை என்பதை எழுத்தில் கேளுங்கள்.

விளம்பரம் வந்த மூன்றாம் நாள் ஸ்டெல்லா கூப்பிட்டாள். எண் என்னிடம் இருந்தது. எடுக்கச் சற்று நேரம் ஆனது.

“ஏனுங்ணா, நல்லா இருக்கறீங்களா? அக்கா சௌக்கியமுங்களா?” என்று கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தாள். “மறுபடியும் போட்டிருக்காங்க, பாத்தீங்களா? இந்தத் தடவ நான் ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கறனுங்ணா. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு ஃபைல் எழுதுவமில்லைங்களா, அதுல மொத வரி நம்ம இஷ்டத்துக்கு எழுதிக்கலாம். நான் எல்லாத்துலயும் என் பேரும் தேதியும் எழுதியிருப்பேன். ஆறு வருச ஃபைலும் உங்க அக்கவுண்ட்ல இருக்குது. அதை ஒரு காப்பி எடுத்துக் குடுத்தா நேரா நிபுணர் முன்னால வெச்சுப்போடுவேன். உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராதுங்ணா. இப்ப நீங்க ரிட்டயர்டுதானுங்களே.”

அந்த முதல் வரியை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சான்றிதழ் எழுதிய அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை என்று சொல்லலாம். வந்தது. அழித்த அன்றைக்கும் வந்தது.

“நீ எடுத்து வெச்சுக்கலையா கண்ணு?”

“கட்டுரைக்கு வேணுங்கற விடையை மட்டுந்தானுங்ணா எடுத்தேன். மத்தது அங்கயே பத்திரமா இருக்குதுன்னு உட்டுட்டேன். நீங்கதானே பாத்துக்கறீங்கன்னு.”

அழித்துவிட்டதைச் சொன்னேன். என்றைக்கு, எதற்காக என்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் பிள்ளைகள் பெஞ்சு நகர்த்துகிற சத்தம் கேட்டது. நான்தான் பேசினேன். நடந்ததை நடந்தபடி எழுதி, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், நேரில் வந்து சாட்சி சொல்லவும் தயார், பென்ஷனைப் பிடித்தாலும் சரி என்றேன்.

“அண்ணா,” என்றாள். கோபம் இல்லாத குரல். “என் பேர்ல ஒண்ணுமில்லைன்னு அவுங்க கையில ஏற்கனவே ஒரு காயிதம் இருக்குது. இப்ப எல்லாமே என்னுதுன்னு நீங்க இன்னொண்ணு குடுப்பீங்க. ரெண்டுலயும் உங்க கையெழுத்துத்தானுங்களே. எதைங்ணா நம்புவாங்க?”

அவளே தொடர்ந்தாள்.

“சரிங்ணா. வெயில் நெம்ப அடிக்குது, மத்தியானத்துல வெளிய போகாதீங்க. எனக்குக் கிளாஸுக்கு நேரமாச்சு, வெச்சரட்டுங்களா?”

பெரியவர்கள் சரி என்று சொல்லாமல் போனை வைக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. நான் “சரி கண்ணு” என்று சொல்லும்வரை காத்திருந்துதான் வைத்தாள்.